பொடி சாப்பிட்டபோது 6.4

கந்த சஷ்டி ஐந்தாம் நாள். விடிவதற்கு முன், ஐந்தேகால் மணிக்கு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். 62 வயது அம்மா, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினோரு வருடமாகச் சர்க்கரைக்கு என்னிடம் வருகிறவர். அன்றைக்கு அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. புடவை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கூப்பிட்டால் "உம்" என்றார், கண்ணைத் திறக்கவில்லை. வலது கை துவண்டு தொங்கியதைப் பார்த்து நர்ஸ், "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கே டாக்டர்" என்றார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 34.

இருபத்தைந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நூறு மில்லி நரம்பில் ஏற்றினோம். கால்வாசி மிச்சமிருக்கும்போதே கண் திறந்தது. துவண்ட கை தானாக எழுந்து முகத்து வியர்வையைத் துடைத்தது. சர்க்கரை மிகவும் இறங்கினால் பக்கவாதம் போலவே வேஷம் கட்டும். ஸ்ட்ரோக் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம் குத்திப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன, கோயிலுக்கு நேரமாச்சா?"

லோ சுகர் எங்களுக்குப் புதிதல்ல. நான் அவருக்கு எழுதியிருந்தது மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமெப்பிரைடு 2 மில்லிகிராம். கிளிமெப்பிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு பாலும் பழமுமாக விரதம் இருந்தால் சுகர் இறங்கத்தான் செய்யும். "விரதத்துல மாத்திரையைக் குறைக்கணும்னு சொல்லியிருக்கேனே அம்மா" என்று ஆரம்பித்தேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள்தான் வாயைத் திறந்தார்.

"அத்தை மாத்திரையே போடலையே டாக்டரம்மா. மூணு வாரமாச்சு நிறுத்தி."

இந்த நிகழ்வை எழுத வைத்தது அந்த ஒரு வரி. அம்மாவையும் வீட்டாரையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மறுபடி, மறுபடி

மாத்திரை போடாத சர்க்கரை நோயாளிக்குச் சுகர் ஏற வேண்டும். இவருக்கு இறங்கியிருக்கிறது. மருமகள் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பி மாத்திரை டப்பாவையே எடுத்து வரச் சொன்னேன். கிளிமெப்பிரைடு அட்டையில் எட்டு மாத்திரை அப்படியே இருந்தது. மருந்துக் கடை பில் ஏழு வாரத்துக்கு முந்தையது, ஒரு மாதத்துக்கு வாங்கியது. கணக்கு மருமகள் பக்கம்தான் நின்றது.

காலை ஒன்பதரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார். பதினொன்றுக்குச் சுகர் 48. மறுபடி டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்துவிட்டு, பத்து சதவீத டிரிப்பை நிறுத்தாமல் ஓடவிட்டோம். அப்படியிருந்தும் இரவு எட்டு மணிக்கு 41. ஏற்றிய குளுக்கோஸைப் பார்த்ததும் கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது, சுகர் திரும்ப விழுகிறது. இந்த ஊஞ்சலை நீண்ட நேரம் வேலை செய்யும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையை அதிகம் விழுங்கியவர்களிடம் பார்த்திருக்கிறேன். கிளிபென்கிளமைடு, கிளிமெப்பிரைடு எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

பதினொரு மணிக்குச் சுகர் 48 இருந்தபோது, டெக்ஸ்ட்ரோஸ் கொடுப்பதற்கு முன், எங்கள் பயிற்சி டாக்டர் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்திருந்தார். சின்னப் பையன், படித்ததை மறக்காத வயசு. அதை சி-பெப்டைடு பரிசோதனைக்கு அனுப்பினோம். உடம்பு தானே இன்சுலின் சுரக்கும்போது அதோடு சேர்ந்து வெளிவரும் துண்டு அது. ஊசியில் போடும் இன்சுலினில் இருக்காது. சுகர் 55-க்குக் கீழே விழுந்த நேரத்தில் சி-பெப்டைடு ஒரு மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே, நிறுத்த வேண்டிய நேரத்தில் கணையம் சுரந்துகொண்டிருக்கிறது என்று கொள்வோம். இவருக்கு 7.2. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம், அதனால் இந்த எண் சற்றுக் கூடும். ஆனால் இவ்வளவு கூடாது.

கணையத்தில் இன்சுலின் கட்டி இருந்தாலும் இப்படி வரலாம். பதினோரு வருடமாகச் சர்க்கரை கூடிக்கொண்டே போன ஒருவருக்குத் திடீரென்று அது வருவது அபூர்வம். தஞ்சாவூரிலிருந்து ஆக்ட்ரியோடைடு ஊசி வரவழைத்து, தோலுக்கடியில் 50 மைக்ரோகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டோம். இன்சுலின் சுரப்பைத் தற்காலிகமாக அடக்கும் ஊசி. அதற்குப் பிறகுதான் ஊஞ்சல் நின்றது. மூன்றாம் நாள் மதியம் டிரிப்பைக் கழற்றினோம்.

இப்போது மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான். மாத்திரை போடாதவர் உடம்பில் மாத்திரை எப்படி வந்தது?

மஞ்சப்பை

"வேற என்ன சாப்பிடுறீங்க?" இந்தக் கேள்வியைப் பதினோரு வருடத்தில் நான் அவரிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன், அவரும் "போடுறேன்" என்றிருக்கிறார். அவர் கணக்கில் மற்றதெல்லாம் மருந்தல்ல, சாப்பாடு. சாப்பாட்டைப் பற்றி டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

சேர்த்த மறுநாளே மருமகள் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். நாலு உருப்படி உருண்டது. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வீட்டில் அரைத்த பொடி: வெந்தயம் கால் கிலோ, ஓமம் நூறு, கருஞ்சீரகம் ஐம்பது. வாட்ஸ்அப்பில் வராத வீடில்லை அந்தக் கணக்கு. நாட்டு மருந்துக் கடையில் காகிதப் பொட்டலமாக வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடி. மகன் மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பட்டை, குரோமியம் சேர்ந்த கேப்ஸ்யூல் டப்பா. கடைசியாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மேலே கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுத்து ஒட்டிய தாள்.

வரிசையாகப் பார்த்தேன். சந்தேகம் எல்லாவற்றின் மேலும்தான் இருந்தது.

வெந்தயத்தில் சரக்கு இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஊறினால் கொழகொழவென்று வருகிறதே, அந்த நார் குடலில் மாவுச்சத்து கரைவதைத் தாமதப்படுத்தும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1990-இல் செய்த ஓர் ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தார்கள். சுகர் நன்றாகவே குறைந்தது. கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 100 கிராம். நம் அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடுவது ஒரு டீஸ்பூன், ஐந்து கிராம் இருந்தால் அதிகம். அந்த ஒரு ஸ்பூன் நல்லதுதான், மலச்சிக்கலும் போகும். ஆனால் அது யாரையும் 34-க்கு இறக்காது.

பட்டைக்கும் இதே கதைதான். 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் செய்த ஆய்வில், நாளொன்றுக்கு ஒன்று, மூன்று, ஆறு கிராம் பட்டை கொடுத்து நாற்பது நாளில் வெறும் வயிற்றுச் சுகர் 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பட்டை கேப்ஸ்யூல் கிளம்பியது அதற்குப் பிறகுதான். அடுத்தடுத்து வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அசையவில்லை. குரோமியம் பற்றி 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு வாசகத்தை லேபிளில் அனுமதித்தது. குரோமியம் சர்க்கரை நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று ஒரே ஒரு சிறிய ஆய்வு மட்டும் காட்டுகிறது, அந்தத் தொடர்பும் மிகவும் நிச்சயமற்றது என்கிற மாதிரியான வாசகம். அனுமதியா, அவமானமா என்று எனக்கு இன்றும் புரிவதில்லை. மஸ்கட் டப்பாவில் எல்லாம் சரியாக அச்சிட்டிருந்தது, தயாரித்த தேதி, தொகுதி எண், ஒவ்வொன்றின் மைக்ரோகிராம் கணக்கு. டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. வந்த புதிதில் போட்டுவிட்டு விட்டுவிட்டாராம். "அது மாத்திரை மாதிரி இருக்கு டாக்டரம்மா."

சிறுகுறிஞ்சான்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகிறேன். பையில் இருந்ததிலேயே மரியாதைக்குரிய சரக்கு இதுதான், அதோடு நம் மண்ணின் கதை.

பச்சைச் சிறுகுறிஞ்சான் இலை இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு, நாக்கில் சர்க்கரை போட்டுப் பாருங்கள். மணலை வாயில் போட்ட மாதிரி இருக்கும். நெறுநெறுப்பு தெரியும், இனிப்பு தெரியாது. அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் நாக்கு வழிக்கு வரும். நாங்கள் படிக்கும்போது மருந்தியல் ஆசிரியர் வகுப்பில் இதைச் செய்துகாட்டினார். அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடிய பையன் கேக்கைத் தின்றுவிட்டு விழித்த முழி இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வித்தையை 1847-இல் எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிவைத்தார். ஊட்டியில் அரசாங்கக் கொயினா (மலேரியா மருந்து) ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர், 1887-இல் இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து நேச்சர் இதழில் எழுதினார். ஜிம்னிமிக் அமிலம் என்று இன்றைக்கு உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது நீலகிரியில் பேர் வைத்தது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியை அது மறித்துக்கொள்கிறது. இந்தியில் குர்மார், அதாவது வெல்லத்தைக் கொல்வது.

நாக்கில் இனிப்பைக் கொல்வதும் ரத்தத்தில் குறைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது கேள்வியை எடுத்தவர்கள் சென்னைக்காரர்கள். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் சண்முகசுந்தரம் குழுவினர், இலைச்சாற்றை ஜிஎஸ்4 என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். 1990-இல் வெளிவந்த ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேர், நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம், ஏற்கெனவே போடும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். சுகர் குறைந்தது, பலருக்கு மாத்திரை அளவையும் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையே இல்லாமல் சமாளித்தார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமை வேறு, ஆதாரம் வேறு. சாறு யாருக்கு, வெறும் மாவு யாருக்கு என்று குலுக்கிப் போட்டு, நோயாளிக்கும் தெரியாமல் டாக்டருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு இல்லை அது. ஆய்வுக்கு வரும் நோயாளி, வருகிறோமே என்பதற்காகவே வாயைக் கட்டுவார். அமெரிக்காவில் கேப்ஸ்யூல் விற்கிறவர்கள் அந்த 22 பேரைக் காட்டித்தான் இன்றும் விற்கிறார்கள். நாமாவது நூறு, ஆயிரம் பேரிடம் அதைச் சரியாகச் செய்துபார்த்திருக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் மதுமேகத்துக்கு இவ்வளவு மூலிகைகளைச் சொல்லிவைத்த நாட்டில் அது நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சிறுகுறிஞ்சானால் கல்லீரல் வீங்கியதாக 2010-இல் ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் வந்திருக்கிறது. நூற்றில் ஒன்று என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று ஒட்டியிருக்கும் தாளை நம்பாதீர்கள் என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து என்று நாம் போடும் கோடும் அவ்வளவு நேரானதல்ல. அம்மா நிறுத்திய மெட்ஃபார்மினுக்கு மூதாதை, ஐரோப்பாவில் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவந்த கலேகா என்ற செடி. அந்தச் செடியின் சரக்கு நேரடியாகக் கொடுத்தால் நஞ்சு. அதைத் திருத்தித் திருத்தி, 1957-இல் பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் மனிதர்களிடம் பரிசோதித்து வெளியிட்டதுதான் இன்றைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் மெட்ஃபார்மின். எத்தனை மில்லிகிராம், யாருக்கு ஆகாது, சிறுநீரகம் எவ்வளவு கெட்டால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அளந்து தெரிந்த மூலிகை என்றே அதைச் சொல்லலாம்.

திரும்ப வருகிறேன். பொட்டலத்தில் இருந்த சிறுகுறிஞ்சான் இரண்டு வருடமாக வீட்டில் இருப்பது. அந்த இரண்டு வருடத்தில் அம்மாவின் எச்பிஏ1சி 8-க்குக் கீழே வந்ததே இல்லை. நான்கு மாதம் முன்பு எடுத்தது 8.9. இரண்டு வருடமாக ஒன்றும் செய்யாதது, ஏழு வாரத்தில் திடீரென்று புலியாகியிருக்காது.

வெள்ளை டப்பா

ஏழு வாரத்துக்கு முன் வந்தது அது மட்டும்தான். ஒன்றுவிட்ட தங்கை கொடுத்திருக்கிறார். அவர் வாங்கியது ஒரு கல்யாண வீட்டில் அறிமுகமான ஆளிடம், அந்த ஆளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு டப்பா 1,800 ரூபாய், இரண்டு வாங்கினால் 3,200. தாளில் "100% மூலிகை, பக்கவிளைவு அற்றது, சர்க்கரையை வேரோடு அறுக்கும்" என்று இருந்தது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை. தயாரித்தவர் பெயர், விலாசம், உரிம எண், தொகுதி எண், தேதி எதுவும் இல்லை. ஒரு செல்போன் எண் மட்டும் இருந்தது. மருமகள் கூப்பிட்டுப் பார்த்தார், உபயோகத்தில் இல்லை.

நம் நாட்டில் சித்த மருந்துக்கும் ஆயுர்வேத மருந்துக்கும் தயாரிப்பு உரிமம் வேண்டும், உரிம எண்ணை லேபிளில் போட வேண்டும். உணவுச் சப்ளிமெண்ட் என்று விற்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கல்ல என்ற வாசகமும் வேண்டும். எந்தக் கொம்பனும் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. 1954-ஆம் வருடத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலேயே நீரிழிவு இருக்கிறது. எழுபது வருடச் சட்டம். வெள்ளை டப்பா அதையெல்லாம் படிக்கவில்லை.

பொடி போட்ட பத்தாம் நாளே சுகர் 220-லிருந்து 130-க்கு வந்திருக்கிறது. கணவர் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறார், நோட்டு கையோடு இருந்தது. மூன்றாம் வாரம் வெறும் வயிற்றில் 96. நாலாம் வாரம் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் 90, 88, ஒரு நாள் 71. ஆறாம் வாரம் தனியார் லேபில் எச்பிஏ1சி பார்த்திருக்கிறார்கள், 6.4. என்னிடம் வந்து காட்டவில்லை. கோபித்துக்கொள்வேன் என்று பயமாம். உண்மையில் கோபித்துத்தான் இருப்பேன், அதுவும் சேர்ந்துதான் இந்த நிகழ்வு.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது, அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது. ஐந்தாம் வாரத்தில் இரண்டு இடத்தில் "விடிகாலை படபடப்பு, பிஸ்கட் சாப்பிட்டாள், சரியாகிவிட்டது". பொடி நன்றாகக் கேட்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

பிறகு சஷ்டி விரதம். மாத்திரை ஏற்கெனவே இல்லை. பொடி மூலிகைதானே, விரதத்துக்கு ஆகும் என்று காலை, இரவு இரண்டு வேளையும் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறார். வயிற்றில் பால், வாழைப்பழம் தவிர ஒன்றுமில்லை. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 48, மருந்து உடம்பில் தேங்குவதற்கு அது போதும்.

மூலிகை என்று சொல்லி உள்ளே சர்க்கரை மாத்திரையைக் கலக்கும் இந்தக் கலப்படம் எனக்குத் தெரிந்தவரை புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சர்க்கரைக்கு என்று விற்ற சீன மூலிகைத் தயாரிப்புகள் ஐந்தில் கிளிபென்கிளமைடும் ஃபென்ஃபார்மினும் கிடைத்தன. ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் அமிலம் ஏற்றி ஆளைக் கொல்கிறது என்று அமெரிக்காவே எழுபதுகளில் சந்தையிலிருந்து எடுத்த மருந்து. 2008-இல் சிங்கப்பூரில் ஐந்து மாதத்துக்குள் 150 பேர் லோ சுகரில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள், ஒருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. தோண்டிப் பார்த்தால் ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகள், அவற்றில் 13 முதல் 100 மில்லிகிராம் வரை கிளிபென்கிளமைடு. சர்க்கரை நோயாளிக்கே நாளொன்றுக்கு உச்ச அளவு 20. நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த வருட ஜனவரியில் சீனாவின் சின்ஜியாங்கில், சர்க்கரைக்கான ஒரு மூலிகை கேப்ஸ்யூலின் போலித் தயாரிப்பைச் சாப்பிட்டு இரண்டு பேர் போனார்கள். அதிலும் கிளிபென்கிளமைடுதான்.

ஏன் எப்போதும் அதுவே? விலை மலிவு. ஒரு வேளைக்கு ஐந்து மில்லிகிராம் போதும், பொடியில் கலந்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. பத்து நாளில் பலன் காட்டும், வாங்கியவர் நாலு பேரிடம் சொல்வார். நம் ஊரில் டயோனில் என்று முந்தைய தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த மாத்திரை அது. வயதானவர்களுக்கு லோ சுகர் செய்கிறது என்பதால் 60 வயதுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஒதுக்கிவைத்திருக்கிறது. என் அனுமானம் சரியென்றால், மாத்திரைக்குப் பயந்து மூலிகைக்குப் போன அம்மா, நான் அவர் வயசுக்கு எழுதவே மாட்டேன் என்று ஒதுக்கிய மாத்திரையை அளவு தெரியாமல் இரண்டு வேளை தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

அனுமானம் என்றுதான் சொல்ல முடியும். டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று மூன்றாம் நாள் கேட்டபோது அதில் துடைத்த மாதிரி அடியில் கொஞ்சம் தூசிதான் இருந்தது. "ஆத்திரத்துல கொல்லையில வாழை மரத்தடியில கொட்டிட்டேன் டாக்டரம்மா" என்றார் கணவர். இன்னொரு டப்பாவைத் தங்கை வீட்டில் கேட்கச் சொன்னேன். தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அம்மாவின் ரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் வசதி எங்கள் பக்கத்தில் இல்லை.

ஆக என்னிடம் இருப்பது இவ்வளவு: பொடி ஆரம்பித்ததும் சுகர் இறங்கியது, மாத்திரையை நிறுத்திய பிறகும் இறங்கியது, சி-பெப்டைடு ஏறியிருந்தது, ஆக்ட்ரியோடைடுக்குக் கேட்டது, பொடி நின்றதும் எல்லாம் நின்றது. அந்தப் பொடியை மறுபடி கொடுத்துப் பார்த்து நிரூபிக்கலாம்தான், அதற்கு நான் கொலைகாரியாக இருக்க வேண்டும். மருந்து விளைவுகளைப் பதிவு செய்யும் படிவத்தில் "சந்தேகத்துக்குரியது" என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினேன். ஆங்கில மருந்துக்கு இருப்பது போல, ஆயுஷ் மருந்துகளுக்கும் 2018-இலிருந்து கண்காணிப்புத் திட்டம் தனியாக இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். ஆங்கில மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம். டப்பாவைக் கொட்டிவிடாமல் சொல்லுங்கள்.

பிறகு

வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் சுகர் 312. பொடியும் இல்லை, மாத்திரையும் இன்னும் முழுதாக ஆரம்பிக்கவில்லை. ஏழு வாரம் குணமாகிவிட்டது போல இருந்த நோய், போர்வையை விலக்கியதும் பழைய இடத்திலேயே படுத்திருந்தது.

மெட்ஃபார்மினைச் சிறுநீரகத்துக்குத் தகுந்தாற்போல் நாளொன்றுக்கு ஆயிரத்துக்குள் வைத்தேன். கிளிமெப்பிரைடை எடுத்துவிட்டு, தனியாகக் கொடுத்தால் லோ சுகர் செய்யாத டெனிலிக்ளிப்டினைச் சேர்த்தேன். கால் மரத்துப்போகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரையால் என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை வைட்டமின் பி12 அளவையும் பார்த்தால் 172, குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சுவது குறையும், இது நன்றாகவே தெரிந்த விஷயம், பாடப்புத்தகத்தில் இருப்பது. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சப்ளிமெண்ட் வாங்கிய வீட்டில், உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே சப்ளிமெண்டை யாரும் வாங்கவில்லை. எழுதிக்கொடுத்திருக்க வேண்டியவள் நான். ஊசியாக ஆரம்பித்து மாத்திரைக்கு மாற்றினோம். ஆறு வாரத்தில் "செருப்பு கழண்டா தெரியுது டாக்டரம்மா" என்றார்.

வெந்தயப் பொடியை நிறுத்தச் சொல்லவில்லை. சிறுகுறிஞ்சானை, கல்லீரல் பரிசோதனை ஒன்று பார்த்துவிட்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், எப்போது எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள் என்றேன். அதை அவரே விட்டுவிட்டார், கசப்பாம். மஸ்கட் டப்பாவை மகனிடம் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இப்போது என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் எல்லோரிடமும் "வேற என்ன சாப்பிடுறீங்க, பொடி, கஷாயம், கேப்ஸ்யூல்" என்று கேட்கிறேன். முதல் வாரத்திலேயே எழுபது வயசுத் தாத்தா ஒருவர் கைப்பையிலிருந்து ஐந்து டப்பா எடுத்து வைத்தார்.

நான்காம் மாதம் பரிசோதனைக்கு வந்தார்கள். எச்பிஏ1சி 7.6. அவர் வயசுக்கும் சிறுநீரகத்துக்கும் எனக்கு இது நிம்மதியான எண். லோ சுகர் ஒரு முறைகூட வரவில்லை. அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கணவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து, புது ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஆறாம் வாரத்து லேப் ரிப்போர்ட்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா, ஒரு சந்தேகம். பொடி சாப்பிட்டப்ப 6.4. உங்க மாத்திரையில 7.6. எது நல்லது?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு அந்தத் தாளை மடிப்பு மாறாமல் மடித்து, திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.